தலை இல்லாத தொப்பிகள்: பழைய ஷோகேஸ் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

சோளக்கொல்லையில் பொம்மை கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். குறுக்குக் கம்பில் சட்டையை மாட்டிவிட்டால் மட்டும் அது ஆளாகிவிடாது, கொடியில் காய்கிற துணி மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்தோ பழைய தொப்பியை மாட்டியோ வைத்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கிற காக்காய்க்கு யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றும். காக்காயை விடுங்கள், நமக்கே அப்படித்தான். சுவரில் ஒரு வெள்ளைத் தொப்பியும் அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடியும் வரைந்திருந்தால் போதும், அது எம்.ஜி.ஆர். என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முகம் வரைய வேண்டியதே இல்லை.

நூறு, நூற்றைம்பது வருடம் பழைய ஐரோப்பிய, அமெரிக்கத் தெருக்களின் புகைப்படங்களை நோண்டிக்கொண்டிருப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் படங்களில் ஆண்களுக்கான தொப்பிக் கடையின் ஷோகேஸ் வந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். காரணம் மேலே சொன்னதுதான். கோட்டைக் காட்ட உடம்பு வேண்டும், செருப்பைக் காட்ட ஜோடி வேண்டும், தொப்பிக்கு ஒரு குச்சி போதும், ஆள் வந்துவிடுகிறார். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அறுபது தொப்பி என்றால் அறுபது பேர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பழைய ஷோகேஸ் படங்களைப் பார்க்கிற விதமே மாறிவிடும். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஷோகேஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கிறது, கடைக்குள்ளே கல்லா பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரி ஒன்று, கடை முகப்பில் தெருவைப் பார்த்து இருப்பது இன்னொன்று. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. கடைக்குள் நுழையாதவரும் பார்க்க வேண்டும், வாங்குகிற எண்ணமே இல்லாமல் நடந்து போகிறவரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அதுதான் அதன் வேலை.

கண்ணாடி வருவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த காலம், ஆகவே கடைக்காரர் தன் பொருளையே பெரிதாக மரத்தில் செதுக்கியோ பலகையில் வரைந்தோ வாசலில் தொங்கவிடுவார். இதைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. 1776இல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், சபையில் எல்லோரும் அதை வெட்டித் திருத்துவதைப் பார்த்து நெளிந்துகொண்டிருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அவரைத் தேற்ற ஒரு கதை சொன்னார். ஜான் தாம்ஸன் என்று ஒருவர் தொப்பிக் கடை வைக்கப்போகிறார். "ஜான் தாம்ஸன், தொப்பிக்காரர், ரொக்கத்துக்குத் தொப்பி செய்து விற்கிறார்" என்று எழுதி, கூடவே ஒரு தொப்பிப் படமும் வரைந்து, பலகை எப்படி இருக்கிறது என்று நண்பர்களிடம் கேட்கிறார். தொப்பி செய்கிறார் என்று இருக்கும்போது தொப்பிக்காரர் எதற்கு என்கிறார் ஒருவர், அந்த வார்த்தை போகிறது. யார் செய்தால் வாங்குகிறவனுக்கு என்ன என்று இன்னொருவர் சொல்ல, 'செய்து' போகிறது. இந்த ஊரில் யார் கடன் கொடுக்கிறார்கள் என்று கேட்டு 'ரொக்கத்துக்கு' போகிறது. இலவசமாகக் கொடுப்பாய் என்று எவன் எதிர்பார்க்கிறான், எனவே 'விற்கிறார்' போகிறது. கடைசியில் படம்தான் இருக்கிறதே என்று 'தொப்பி' என்ற வார்த்தையும் போய், மிஞ்சியது பெயரும் ஒரு தொப்பிப் படமும். பிற்காலத்தில் ஜெஃபர்சனே ஒரு கடிதத்தில் இதை எழுதிவைத்தார். எழுத்தைத் திருத்துகிறவர்களைக் கிண்டல் செய்யச் சொன்ன கதை. எனக்கு இதில் பிடித்தது, தொப்பியை விற்க தொப்பியின் உருவத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதை அந்த நண்பர்கள் தெரியாமலே சொல்லிவிட்டார்கள் என்பதுதான்.

இதே யோசனையை லண்டனில் ஒருவர் ஓட்டத்துக்கே கொண்டுபோனார். ஸ்ட்ராண்ட் தெருத் தொப்பிக் கடைக்காரர் ஒருவர், மரச்சட்டமும் சாந்தும் கொண்டு ஏழடி உயரத் தொப்பி ஒன்றைச் செய்து, சக்கரம் பூட்டி, ஓர் ஆளை வைத்துத் தெருத்தெருவாக ஓட்டிக் காட்டினார். தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் இதை 1843இல் வெளிவந்த புத்தகத்தில் கரித்துக்கொட்டியிருக்கிறார். நல்ல தொப்பி செய்வதை விட்டுவிட்டு, நல்ல தொப்பி செய்கிறேன் என்று நம்பவைப்பதில் மெனக்கெடுகிறானே என்பது அவருடைய கோபம். நம் மொழியில் ஏமாற்றிக் காரியம் சாதிப்பதற்குக் குல்லா போடுவது என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஷோகேஸ் வரலாற்றில் பாதி கண்ணாடி வரலாறுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கடைகளில் சின்னச் சின்னச் சதுரங்களாகத்தான் கண்ணாடி இருக்கும். உருக்கிய கண்ணாடியை ஊதி, சுழற்றி, வட்டத் தட்டாக விரியவைத்து, அதிலிருந்து துண்டுகளை வெட்டுவார்கள். அந்த முறையில் பெரிய துண்டு கிடைக்காது, தட்டின் நடுவில் குமிழ் மாதிரி ஒரு தடிப்பு வேறு இருக்கும். அதனால் மரச்சட்டத்தில் கட்டம் கட்டமாகப் பொருத்தினார்கள். உள்ளே இருக்கும் தொப்பியை அந்தக் கட்டங்களின் வழியாகப் பார்ப்பது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து தெருவைப் பார்ப்பது போலத்தான். வார்த்து, தேய்த்து, மெருகேற்றிய தட்டையான பெரிய கண்ணாடியும் இருந்தது, விலைதான் யானை விலை. சேரிங் கிராஸில் 1801இல் கடை திறந்த ஃபிரான்சிஸ் பிளேஸ் என்ற தையல்காரர் அப்படிப்பட்ட பெரிய கண்ணாடிகளைத் தன் கடை முகப்பில் போட்டார். ஒவ்வொன்றும் மூன்று பவுன், கதவில் இருந்த இரண்டும் தலைக்கு நான்கு பவுன் என்று அவரே கணக்கு எழுதிவைத்திருக்கிறார். பார்த்தவர்கள் இவனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர் ஆள் வேறு. ஷோகேஸில் பார்த்து உள்ளே வந்தவர்களிடம் விற்றதிலேயே வேலைக்காரர்களின் கூலியும் வீட்டுச் செலவும் வந்துவிட்டது என்றும் அதே கையோடு எழுதியிருக்கிறார். ஷோகேஸ் போட்டதில் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று ஒரு கடைக்காரரே சொல்லிக் கேட்பது அபூர்வம்.

பிரிட்டனில் கண்ணாடிக்குத் தனி வரி இருந்தது, எடை பார்த்துப் போடுவார்கள். அது 1845இல் ஒழிந்தது, 1851இல் வீட்டு ஜன்னல்களுக்கான வரியும் போனது. அதே 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளை வைத்து கிரிஸ்டல் பேலஸ் என்ற பொருட்காட்சி மண்டபத்தையே கட்டிவிட்டார்கள். அப்புறம் சாதாரணக் கடைத்தெருவிலும் கட்டங்கள் மறைந்து ஒரே பெரிய பரப்பாகக் கண்ணாடி வரத் தொடங்கியது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் கம்பெனி 1883இல் தொடங்கிய பிறகுதான் உள்ளூர்க் கண்ணாடி பெரிய அளவில் கிடைத்தது, அதுவரை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆகவே தேதி போடாத பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் தொப்பியைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பாருங்கள். கட்டம் கட்டமா, ஒரே பரப்பா? ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெரு 6ஆம் எண்ணில் இருக்கும் லாக் அண்ட் கோ, 1676இல் தொடங்கி 1765 முதல் அதே கட்டடத்தில் இருக்கும் தொப்பிக் கடை, இன்றைக்கும் பழைய கட்டக் கண்ணாடி முகப்போடுதான் நிற்கிறது. பழைய பணக்காரன் கிழிந்த செருப்போடு கல்யாணத்துக்கு வருவதைப் போல. அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

விளக்கு அடுத்தது. வாயு விளக்கு வந்ததும் இரவிலும் ஷோகேஸ் கண்ணில் பட்டது, ஆனால் உள்ளே எரியவிட்டால் சூடு, கரி, ஈரம். வெளிர் நிறத் தொப்பியில் கரி படிந்தால் அதை யார் வாங்குவார்கள்? அதனால் விளக்கைக் கடைக்கு வெளியே கண்ணாடிக்கு முன்னால் வைத்து, பிரதிபலிக்கும் தகடு ஒன்றால் ஒளியை உள்ளே திருப்பிவிட்டார்கள். கடை முகப்பிலிருந்து தெருவை நோக்கி நீண்ட குழாயும் அதன் முனையில் கூண்டும் தெரிந்தால் அது இந்த ஏற்பாடுதான். நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் 1882இல் ஓடத் தொடங்கியது. மின்விளக்கில் புகை இல்லை, எனவே விளக்கு கண்ணாடிக்கு உள்ளே போய்விட்டது. பகலில் வேறு தலைவலி. வெயில் பட்டால் ரோமத்தில் செய்த ஃபெல்ட் தொப்பி வெளுக்கும், வைக்கோல் தொப்பி பழுத்துப்போகும். பழைய படங்களில் கடைகளுக்கு மேல் துணிப் பந்தல் இறங்கியிருப்பது அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம், பெயர் தெரியாவிட்டால் எல்லாம் வெறும் கறுப்பு உருண்டைகளாகத்தான் தெரியும்.

உயரமான குழாய் மாதிரி இருப்பது டாப் ஹேட். முதலில் இதை பீவர் என்ற விலங்கின் ரோமத்தில் செய்த ஃபெல்ட்டில் போர்த்துவார்கள். ஃபெல்ட் என்றால் நெய்த துணி இல்லை, ரோமத்தை ஈரமும் சூடும் கொடுத்து அமுக்கி அமுக்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்வது. பீவரை வேட்டையாடித் தீர்த்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பளபளக்கும் பட்டு அதன் இடத்தைப் பிடித்தது. ஷோகேஸில் விளக்கு பட்டு மின்னுவது அந்தப் பட்டு. இதில் மடக்குகிற ரகமும் உண்டு, உள்ளே ஸ்பிரிங் வைத்து நாடகக் கொட்டகையில் தட்டையாக அமுக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். பாரிஸில் கிபூ என்பவர் பெயரில் பிரபலமானது.

உருண்டையாக, கெட்டியாக, ஓரம் சற்றே மேலே வளைந்து இருப்பது பவுலர். கிரிக்கெட் பவுலரோடு இதற்குச் சம்பந்தமில்லை, இதைச் செய்து கொடுத்த சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. எட்வர்ட் கோக் என்ற பிரபு வீட்டுக்காரர், தோட்டத்தில் குதிரைமேல் சுற்றும் காவல்காரர்களின் உயரத் தொப்பிகளைத் தாழ்ந்த கிளைகள் தட்டித் தட்டிவிடுகின்றன என்று சொல்லி, தலையோடு ஒட்டிய உறுதியான தொப்பி ஒன்றை மேலே சொன்ன லாக் கடையில் கேட்டார். அவர்கள் சதர்க்கில் இருந்த தாமஸ், வில்லியம் பவுலர் சகோதரர்களிடம் செய்யச் சொன்னார்கள். 1849 டிசம்பரில் கோக் வந்து தொப்பியைத் தரையில் போட்டு ஏறி மிதித்துப் பார்த்தார், நசுங்கவில்லை, பன்னிரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் போனார் என்பது கடை வழக்கு. காட்டுக் காவல்காரனுக்குச் செய்தது, அப்புறம் வங்கி குமாஸ்தா தலைக்கு ஏறி, கடைசியில் சாப்ளின் தலைக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இதற்கே டெர்பி என்று பெயர்.

மேலே நீளவாக்கில் ஒரு பள்ளமும் சுற்றிலும் சுருட்டிய விளிம்பும் கொண்டது ஹோம்பர்க். ஜெர்மனியின் ஹோம்பர்க் ஊருக்குப் போய்வந்த இங்கிலாந்து இளவரசர், பிற்பாடு ஏழாம் எட்வர்ட், போட்டதால் பரவியது. முன்பக்கம் இரண்டு விரலால் கிள்ளியது போல் குழி இருந்து விளிம்பு வளையக்கூடியதாக இருந்தால் ஃபெடோரா. நம்ப மாட்டீர்கள், அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது. 1882இல் பாரிஸில் சாரா பெர்னார்ட் நடித்த நாடகத்தின் கதாநாயகி பெயர். இருபதாம் நூற்றாண்டில் அது துப்பறிவாளர்கள், கொள்ளைக்காரர்கள் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டையான தட்டு மாதிரி மேற்பகுதியும் கோடு போட்ட ரிப்பனும் இருந்தால் வைக்கோலில் செய்த போட்டர். இங்கிலாந்தில் லூட்டன் ஊர் வைக்கோல் தொப்பிக்குப் பேர்போனது, இன்றும் அந்த ஊர்க் கால்பந்து அணியைத் தொப்பிக்காரர்கள் என்றுதான் அழைக்கிறார்கள். அகலமான விளிம்போடு சமவெளி மாட்டுக்காரனை நினைவூட்டுவது ஸ்டெட்சன், ஜான் ஸ்டெட்சன் 1865இல் ஃபிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி.

இன்னொன்று நம்மோடு ஒட்டியது. வெள்ளைக்கார துரை என்றதும் கண்ணில் வரும் அந்தக் காக்கித் தொப்பி, சோலா டோபி. அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை, வெள்ளைக்காரர்களே பல பேர் சோலார் என்று தப்பாக எழுதினார்கள். ஷோலா என்பது சதுப்பில் வளரும் ஒரு செடி, அதன் தண்டுக்குள் இருக்கும் லேசான வெள்ளைப் பொருளில் செய்ததால் அந்தப் பெயர். அந்தச் செடி நமக்குத் தெரிந்ததுதான், நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் போடும் நெட்டி மாலையும் தஞ்சாவூரில் செதுக்கும் நெட்டிக் கோயில்களும் அதில்தான். கவர்னர் தலையிலும் காளை கழுத்திலும் ஒரே செடி. சூயஸ் வழியாகக் கொழும்புக்கோ மதராஸுக்கோ கப்பலில் வந்தவர்கள் எகிப்தின் போர்ட் சையதில் இறங்கி சைமன் ஆர்ட்ஸ் கடையில் ஒரு டோபி வாங்கிக்கொள்வது ஏறக்குறையச் சடங்கு மாதிரி இருந்தது.

தொப்பிகளின் பெயர் தெரிந்துவிட்டது, இனி அவற்றை எப்படி அடுக்கினார்கள் என்பது. தொடக்கத்தில் பெரிய கொள்கை எதுவும் கிடையாது, இருப்பதையெல்லாம் காட்டு என்பதுதான். தரையிலிருந்து கூரை வரை, தட்டுத்தட்டாக, பித்தளைக் கம்பிகளில், கோபுரமாக, வட்டமாக. நம் ஊர்ப் பாத்திரக் கடையில் அண்டா மேல் தவலை, தவலை மேல் செம்பு என்று அடுக்கியிருப்பார்களே, அதே மனோபாவம். நிறைய வைத்திருக்கிறவன் பெரிய கடைக்காரன். ஆனால் தொப்பியில் இந்த அடுக்கு வேறு ஒரு வேலையும் செய்தது. மேல் தட்டில் பட்டு டாப் ஹேட், நடுவில் பவுலர், கீழே துணித் தொப்பி என்று வைத்தால், தெருவில் யார் யாருக்கு மேல் என்பதை அப்படியே கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அன்றைக்கு வெறும் தலையோடு வெளியே போகிற ஆண் அரிது, முதலாளிக்கு ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. தலையைப் பார்த்தால் சம்பளம் தெரியும். பட்டுத் தொப்பியை வாங்க முடியாதவனும் அந்த ஷோகேஸ் முன்னால் ஓசியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இங்கே கண்ணாடி ஒரு குறும்பு செய்யும், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நடுத்தட்டுத் தொப்பிகள் நிற்கிறவரின் தலை உயரத்தில்தான் இருக்கும். வெளிச்சம் சரியான கோணத்தில் விழுந்தால் நிற்கிறவரின் முகம் கண்ணாடியில் தெரியும். கொஞ்சம் நகர்ந்தால் போதும், உள்ளே குச்சியில் இருக்கும் தொப்பி உங்கள் பிம்பத்தின் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். காசு கொடுக்காமலே போட்டுப் பார்த்தாகிவிட்டது. சேலைக் கடை ஷோகேஸ் முன்னால் நின்று பாருங்கள், இது நடக்காது. புகைப்படக்காரர்களுக்கோ இந்தப் பிரதிபலிப்பு பெரிய தொல்லை. பாரிஸ் தெருக்களை முப்பது வருடம் படமெடுத்த எழேன் அட்ஜே, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு அலைந்தவர், 1925இல் கோபலென் அவென்யூவில் ஓர் ஆண்கள் துணிக்கடை ஷோகேஸை எடுத்தார். விலைச் சீட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பொம்மைகளின் மேல் எதிர்ப்பக்கக் கட்டடமும் மரங்களும் படிந்து, எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் கலந்து கிடக்கும். அவர் ஓவியர்களுக்கு மாதிரிப் படம் விற்றுப் பிழைத்தவர், கனவுக் காட்சி எடுக்கிறேன் என்று கிளம்பியவர் இல்லை. கனவையும் நனவையும் கலந்து படைத்த சர்ரியலிஸ்டுகள் என்ற கலைஞர்கள் அதில் கனவைக் கண்டார்கள். ஷோகேஸ் படம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் நான் எழுதுவதில் பாதி தேவையில்லை.

விலைச் சீட்டு என்றேனே, அதையும் கவனியுங்கள். தொப்பியில் பெரிய எண்ணில் விலை குத்தியிருந்தால் அது பேரம் பேசாமல் ஒரே விலைக்கு வேகமாக விற்கிற கடை. லண்டனில் உயர்ந்த வகுப்புக் கடைகள் ஷோகேஸில் விலை போடுவதைக் கேவலமாக நினைத்தன, விலை கேட்கிறவன் வாங்க வேண்டியவனே இல்லை என்பது அந்தத் திமிர்.

தொப்பிக் கடைகளுக்கு விளம்பரப் பைத்தியம் எப்போதும் கொஞ்சம் அதிகம். நியூயார்க் பிராட்வேயில், வேடிக்கை காட்டிக் காசு பார்த்த பார்னம் என்பவரின் மியூசியத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், ஜான் ஜெனின் தொப்பிக் கடை வைத்திருந்தார். 1850இல் ஸ்வீடன் பாடகி ஜெனி லிண்டை பார்னம் அழைத்துவந்து முதல் கச்சேரி டிக்கெட்டை ஏலம் விட, ஜெனின் 225 டாலருக்கு அதை எடுத்தார். ஒரு டிக்கெட்டுக்கு அவ்வளவு காசா என்று நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின, எழுதும்போது தொப்பிக்காரர் ஜெனின் என்று எழுதின, அதற்குத்தானே கொடுத்தார்.

இந்த அலங்காரத்தைத் தொழிலாகப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர் யார் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். லைமன் ஃபிராங்க் பாம். டகோட்டாவில் கடை வைத்து நொடித்துப்போய், ஊர் ஊராகப் பீங்கான் பாத்திரம் விற்று அலைந்த மனிதர், 1897இல் சிகாகோவில் கடை ஷோகேஸ் அலங்காரத்துக்கென்றே மாதப் பத்திரிகை தொடங்கினார். மறு வருடம் ஷோகேஸ் அலங்கரிப்பவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம். 1900இல் அந்தக் கலையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், அதே வருடம் ஓஸ் மந்திரவாதிக் கதையும் வந்தது, உலகத்துக்குத் தெரிந்தது அதுதான். சும்மா அடுக்கி வைத்தால் போதாது, ஏதாவது அசைய வேண்டும், சுழல வேண்டும், அப்போதுதான் நடக்கிறவன் நிற்பான் என்பது பாம் கட்சி. பெண்கள் தொப்பி ஷோகேஸ்களில் ஒரு வேடிக்கை செய்தார்கள், இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற ஒரு பெண் பீடத்தின் மேல் இருப்பாள், திடீரென்று பீடத்துக்குள் மறைவாள், புதுத் தொப்பியோடு மறுபடி எழுவாள். கூட்டம் அசையாமல் நிற்கும். ஓஸ் கதையில் வரும் சோளக்கொல்லைப் பொம்மைக்கு அவர் ஒரு பழைய கூர்முனை நீலத் தொப்பி மாட்டிவிட்டதில் வியப்பே இல்லை. வருடக்கணக்கில் தலையில்லாத தொப்பிகளைப் பற்றி யோசித்தவர்.

ஷோகேஸ் காலண்டராகவும் இருந்தது. அமெரிக்க நகரங்களில் மே நடுவில் ஒரு நாளில் ஃபெல்ட் இறங்கி வைக்கோல் ஏறும், கடைகள் ஒரே இரவில் ஷோகேஸை மாற்றிவிடும். செப்டம்பர் 15 வந்தால் வைக்கோல் தொப்பிக்குக் கெடு முடிந்தது. அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டு திரிந்தால் பையன்கள் பிடுங்கி மிதிப்பார்கள், அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1922இல் நியூயார்க்கில் பையன்கள் இரண்டு நாள் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார்கள், துறைமுகத் தொழிலாளர்கள் திருப்பி அடித்தார்கள், மன்ஹாட்டன் பாலத்தில் போக்குவரத்தே நின்றது, கலவரம் சில நாள் நீடித்தது. ஒரு தொப்பிக்கு. படத்தில் ஷோகேஸ் முழுக்கப் போட்டராக இருந்தால் கோடைக்காலம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஷோகேஸில் வைக்க முடியாத ஒன்று அளவு. தலை எல்லாம் வட்டமில்லை, முட்டை வடிவம், அதுவும் ஆளுக்கு ஒரு கோணல். பழைய ஆங்கில முறையில் தொப்பியின் உள்ளே நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் அளந்து கூட்டி இரண்டால் வகுப்பார்கள். அதனால்தான் எண்கள் ஆறே முக்கால், ஏழு, ஏழே கால் என்று வருகின்றன. தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர் என்றால் அமெரிக்கக் கணக்கில் ஏழே அரைக்கால். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் லிங்கனின் டாப் ஹேட்டும் ஏழே அரைக்கால்தான், அவ்வளவு நெட்டையான மனிதருக்கு நம் பலருக்கு இருக்கிற தலையளவு. நல்ல கடைகளில் 1843இல் பாரிஸில் உருவான கன்ஃபார்மடூர் என்ற கருவி இருக்கும். பார்க்க டாப் ஹேட்டுக்கும் டைப்ரைட்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். தலையில் கவிழ்த்தால் சுற்றிலும் உள்ள கட்டைகள் மண்டையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகர்ந்து, மேலே ஒரு சின்ன அட்டையில் ஊசிகளால் அதன் வடிவத்தைக் குத்திக் காட்டும். கம்பீரமான துரைகளின் மண்டை வடிவங்களைப் பார்த்தால் அவரைக்காய், மாங்காய், நசுங்கிய உருளைக்கிழங்கு என்று எல்லாம் இருக்கும்.

ஷோகேஸில் தெரியாத இன்னொன்றும் உண்டு. முயல் ரோமத்தை ஃபெல்ட்டாக்க அதைப் பாதரச உப்புக் கரைசலில் நனைப்பார்கள். காற்றோட்டமில்லாத பட்டறையில் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், மனம் பிசகும். அமெரிக்காவில் தொப்பி நகரம் என்று பெயர் வாங்கிய டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு டான்பரி நடுக்கம் என்று ஊர்ப்பெயரே வைத்தார்கள். அந்த நாட்டில் இந்த வேலையில் பாதரசத்துக்குத் தடை வந்தது 1941 டிசம்பரில்தான், கெடுதல் தெரிந்து எத்தனையோ வருடம் கழித்து. பித்தளைக் கம்பியில் ஒரு தூசி இல்லாமல் நிற்கும் பவுலரைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அடுக்கு மெல்ல மெல்லக் கலைந்தது. ஐம்பது தொப்பி வைத்த இடத்தில் ஐந்து, சுற்றி வெற்றிடம், மேலிருந்து ஒரு விளக்கு. அப்புறம் தொப்பியே போனது. கென்னடி 1961இல் வெறுந்தலையோடு பதவியேற்றதால்தான் ஆண்கள் தொப்பியை விட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள், அன்றைக்கு அவர் பட்டு டாப் ஹேட்டோடுதான் வந்தார், உரையாற்றும்போது கழற்றி வைத்தார். தாழ்ந்த கூரை கொண்ட காருக்குள் உட்கார்ந்து போகிறவனுக்குத் தொப்பி இடைஞ்சல், வெயிலும் மழையும் அவன்மேல் படுவதும் குறைந்துவிட்டது.

அந்தக் கடைசிக் காலத்து ஷோகேஸ்களில் ஒரு பொருளைப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுத் தொப்பி, ரிப்பன், விளிம்பு எல்லாம் அச்சாக அப்படியே, அதற்கேற்ற குட்டிப் பெட்டியோடு. ஸ்டெட்சன் போன்ற கம்பெனிகள் பரிசளிக்கும் கூப்பனாக இதை விற்றன, ஏனென்றால் அப்பாவுக்கோ மாமனாருக்கோ தொப்பி பரிசளிக்க வேண்டும் என்றால் தலையளவு தெரியாதே. குட்டிப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவரே கடைக்குப் போய்த் தன் அளவுக்கு ஒன்றை வாங்கிக்கொள்வார். நிஜத் தொப்பி போட்டுத் தேய்ந்து எங்கோ போய்விட்டது, பழம்பொருள் சேர்க்கிறவர்களின் கண்ணாடி அலமாரிகளில் இப்போது வரிசையாக நிற்பவை அந்தக் குட்டிகள்.